பிள்ளையார் நோன்பு அன்னைக்கு பேஸ்கட்பால் ஃபைனல் வச்சாங்க. இப்படி நல்ல நாள்ல மேட்ச் வச்சு உங்க ஊர்ல நடந்ததையும் சொல்லுங்க

காரைக்குடிக்காரர்:
எங்க டீமுக்கும் பக்கத்து ஊர் டீமுக்கும் ரொம்ப நாளாவே ஆகாது. ஐ.ஓ.பி. (இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்) டீமும் இந்தியன் பேங்க் டீமும் ஆடினாக்கூட ஆளுக்கொரு பக்கம்தான். நாங்க ஐ.ஓ.பி. பக்கம். 1937-ல காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூணு ஊர்லயும் ஒரே நாள்ல திறந்த பேங்க், அதனால அது எங்க ஊர் டீம்னு ஒரு நினைப்பு.

2017 கடைசியில அவுங்க ஊர்ல நாக்அவுட். ஃபைனலுக்கு வந்துட்டோம். மேட்ச் அட்டவணையில தேதியப் பார்த்தா பிள்ளையார் நோன்பு, ராத்திரி ஏழு மணி.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். கார்த்திகை தீபத்துல இருந்து 21 நாள் கணக்கு, சஷ்டியும் சதயமும் கூடுற அன்னைக்கு நோன்பு. 21 இழை நூலைத் திரியாக்கி, இனிப்பு மாவுல வச்சு ஏத்தி, வீட்டுப் பெரியவர் கையால வாங்கி எரியிறபடியே வாயில போட்டுக்கணும். நகரத்தார் வீட்டுப் பையன் சிங்கப்பூர்ல இருந்தாலும் அன்னைக்கு இழை எடுத்துக்காம இருக்கமாட்டான். எங்க அஞ்சு பேர்ல மூணு பேர் அப்படி.

தேதிய மாத்துங்கன்னு கேட்டோம். "ஜெனரேட்டருக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு, கோப்பை கொடுக்க வர்றவரு அன்னைக்குத்தான் ஊர்ல இருப்பாரு"ன்னாங்க. அது நெசம்தான், அதனாலதான் எரிச்சல். எங்க பக்கம் பெரிய வீடெல்லாம் வருஷத்துல முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும். நோன்பு, பொங்கல், கல்யாணம்னாத்தான் கதவு திறக்கும். டீம் முழுசா ஊர்ல இருக்கிற நாளும் அதுதான், ஒருத்தனும் வீட்டை விட்டு அசைய முடியாத நாளும் அதுதான்.

எங்க சென்டர் பிளேயர் ஆறு மணிக்கே அவன் ஐயாகிட்டப் போய் நின்னிருக்கான். "வளவுல ஏழு புள்ளி (குடும்பம்) இருக்கு, மூத்தவுக எடுத்துக்கட்டும். உனக்கு மட்டும் என்னப்பு அவசரம்?"ன்னுட்டாரு. இவன்தான் அந்த வீட்டுக்கே கடைக்குட்டி.

விதிப்படி, குறிச்ச நேரத்துக்கு அப்புறம் 15 நிமிஷத்துக்குள்ள அஞ்சு பேர் கோர்ட்ல நிக்கணும், இல்லன்னா வாக்ஓவர். ஏழே கால் ஆகப் போகுது, நாங்க நாலு பேர். கடைசியில, ரிசர்வ்னு சும்மா பேர் கொடுத்து வச்சிருந்த எங்க பழைய பிளேயர், நாப்பத்தாறு வயசு, வேட்டியை அவுத்து டிரவுசரோட உள்ள வந்தாரு. ரெண்டாவது குவார்ட்டர் பாதியில சென்டர் வந்து சேர்ந்தான், பாக்கெட் நிறையப் பொரியோட. மூணு பாயின்ட்ல தோத்தோம்.

சிராவயல் பக்கத்துக்காரர்:
எங்களுக்கு இந்த வம்பே கிடையாது. தை மூணாம் தேதி மஞ்சுவிரட்டு. அன்னைக்கு மேட்ச் வைக்கிறேன்னு சொல்ல ஒருத்தனுக்கும் துணிச்சல் கிடையாது, ரெஃப்ரியே பொட்டல்லதான் நிப்பாரு.

ஹூஸ்டன்ல இருக்கிற தேவகோட்டைக்காரர்:
இங்க இதே கதை கோர்ட்டுக்கே போயிருக்கு. நான் சொல்றது கேஸ் போடுற கோர்ட். பெரன் அகாடமின்னு யூதப் பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல். 2012-ல மாநிலப் போட்டியில செமி ஃபைனல் வரைக்கும் வந்துட்டாங்க. மேட்ச் வெள்ளிக்கிழமை ராத்திரி. வெள்ளி சூரியன் மறைஞ்சா அவுங்களுக்கு சபாத்ங்கிற ஓய்வு நாள், ஆடமாட்டாங்க. நேரத்தை மாத்த முடியாதுன்னு சொன்னதும் பெத்தவங்களும் பிள்ளைங்களும் வழக்குப் போட்டாங்க. உடனே வெள்ளி மத்தியானத்துக்கு மாறிடுச்சு. செமி ஜெயிச்சாங்க, சனிக்கிழமை ராத்திரி சபாத் முடிஞ்சப்புறம் நடந்த ஃபைனல்ல தோத்தாங்க.

ஆனா இங்க இருக்கிற பெரிய பேஸ்கட்பால் லீக் என்.பி.ஏ. 1947-ல இருந்தே கிறிஸ்துமஸ் அன்னைக்கு வேணும்னே மேட்ச் வைக்குது. ஜனம் வீட்டுல உட்கார்ந்து டி.வி. பார்க்கும்ல. நம்ம ஊர் மேட்ச்சுக்கு ஆள் கிரவுண்டுக்கு வரணுமே.

பள்ளத்தூர்க்காரர்:
தைப்பூசம் முடிஞ்ச மறு வாரமே லீக் வச்சாங்க ஒரு தடவை. எங்க பயலுக ரெண்டு பேர் காவடியோட பழனிக்கு நடந்தவங்க. நகரத்தார் யாத்திரை போறதும் நடை, வர்றதும் நடை. உள்ளங்கால் பூரா கொப்புளம். கூடைகிட்டப் போய் லேஅப் போட எம்பினவன் இறங்கும்போது "முருகா"ன்னு கத்தினதுல எதிர் டீம்காரனே பந்தை விட்டுட்டான்.

அந்தப் பக்கத்து ஊர்க்காரர்:
அண்ணே, அன்னைக்கு டேபிள்ல உட்கார்ந்து நேரம் பார்த்தவன் நான்தான். உங்க நாப்பத்தாறு வயசுக்காரர் டிரவுசர் கயிறைக் கட்டி முடிக்கும்போது மணி ஏழு பதினேழு. நான் வாட்சைப் பார்க்கல, ஸ்கோர்ஷீட்ல பேர் எழுதிக்கிட்டு இருந்தேன். அதை எழுதலையே நீங்க?

அடுத்த மே மாசம் நீங்க நடத்தின டோர்னமென்ட்டையும் எழுதல. எங்க கேப்டன் ரம்ஜான் நோன்புன்னு தெரிஞ்சே சாயங்காலம் அஞ்சரைக்கு எங்க மேட்சை வச்சீங்க. என்.பி.ஏ. பிளேயர் ஹகீம் ஒலாஜுவான் 1995 பிப்ரவரியில நோன்போடயே ஆடி அந்த மாசத்தோட சிறந்த பிளேயர் வாங்கினாருன்னு அவன் எப்பவும் சொல்லிக்கிட்டே இருப்பான். அவர் ஆடினது கூரைக்கு அடியில, இது மே மாசக் காரைக்குடி. மூணாவது குவார்ட்டர் முடியுறப்போதான் பாங்கு கேட்டுச்சு. பெஞ்சுல உட்கார்ந்து பேரீச்சம்பழத்தை வாயில போட்டான்.

காரைக்குடிக்காரர்:
வேணும்னுதான் வச்சோம் தம்பி. மீட்டிங்ல நானும் கை தூக்கினேன். அந்தப் பதினேழு நிமிஷம் எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். அன்னைக்கு பாங்கு சொன்னதும் ரெஃப்ரிகிட்ட டைம்அவுட் கேட்டது நாங்க, அதையும் சேர்த்து எழுதிக்கங்க. அதுக்கப்புறம் உங்க கேப்டன் நாலாவது குவார்ட்டர்ல மட்டும் 14 பாயின்ட் போட்டான்.