குளியலறை டப்பில் ஐந்து வாரம்: லைவ் ராக் பக்குவப்படுத்திய கதைகள்

வடசேரிக்காரன், நாகர்கோவில்

திருவனந்தபுரத்தில் ஒருவர் வீடு மாறுவதால் கடல்நீர்த் தொட்டியைக் கலைக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். 14 கிலோ 'லைவ் ராக்', அதாவது பாக்டீரியாவும் சின்னச் சின்ன கடல் உயிர்களும் குடியேறிய தொட்டிக் கல். செயற்கைக் கல்தான், ஆனால் ஐந்து வருடம் அவர் தொட்டியில் கிடந்து மேலெல்லாம் ஊதா படிந்திருந்தது. ஈரமான செய்தித்தாளில் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, பஸ்ஸில் ஏற்றினேன். களியக்காவிளையில் நெரிசலில் மாட்டி ஒரு மணி நேரம் வெயில். கண்டக்டர் பெட்டியைப் பார்த்து, "மீனா அண்ணாச்சி?" என்றார். கல் என்றேன். அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே தொட்டியில் போட்டேன். இரண்டு கிளவுன் மீன்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தன. மூன்றாம் நாள் தண்ணீர் கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கியது. நாலாம் நாள் இரண்டும் போய்விட்டன.

நடந்தது இதுதான். கல்லின் துளைகளில் இருந்த பஞ்சுயிரிகளும் புழுக்களும் பயணத்தில் செத்து அழுகி அமோனியாவாக மாறின. அதைத் தின்று நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாவும் அதே கல்லில்தான் குடியிருக்கிறது. ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் இன்னொரு வகை இருந்து அந்த நைட்ரேட்டையும் நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றிவிடும். லைவ் ராக்குக்கு நாம் காசு கொடுப்பதே இவற்றுக்காகத்தான். ஆனால் அழுகுவது ஒரேயடியாக வந்தால் அவற்றாலும் சமாளிக்க முடியாது. அந்த வேலையைத் தொட்டிக்கு வெளியே முடித்துக்கொண்டு வா என்பதுதான் 'க்யூரிங்'.

கல்லையெல்லாம் வெளியே எடுத்து, குளியலறையில் 100 லிட்டர் டப் வைத்து மறுபடி தொடங்கினேன். ஒவ்வொரு கல்லையும் வாளியில் இருந்த உப்புத் தண்ணீரில் முக்கி உலுக்கி, பழைய டூத்பிரஷால் தேய்த்தேன். கறுத்துக் கொழகொழவென்று இருந்ததையெல்லாம் கிள்ளி எறிந்தேன். முட்டை அழுகின நாற்றம். பக்கத்து வீட்டு அக்கா மதில் வழியாக, "எலி ஏதாவது செத்துக் கிடக்கா தம்பி?" என்று கேட்டார். ஊதாவைத் தேய்க்காதீர்கள், அது கல்லோடு ஒட்டி வளர்கிற பாசி, நல்லது.

டப்பில் 1.025 அடர்த்தியில் உப்புத் தண்ணீர், நல்ல சுழற்சிக்கு ஒரு பவர்ஹெட் மோட்டார். விளக்கு கிடையாது, வெளிச்சம் பட்டால் வேண்டாத பாசி ஏறிவிடும். ஹீட்டர் நம்ம ஊருக்கு எதற்கு? சித்திரை வெயிலில் டப்பைச் சுற்றி ஈரச் சாக்கு கட்ட வேண்டியிருந்தது. ஆவியாகிக் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாகாது, உப்புத் தண்ணீரே ஊற்றினால் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். முதல் இரண்டு வாரம் மூன்று நாளைக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றினேன். டெஸ்ட் கிட்டில் அமோனியாவைக் காட்டுகிற பச்சை இறங்குவேனா என்றது. ஐந்தாம் வாரம் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். ஒரு வாரம் விட்டுப் பார்த்தேன், அப்போதும் பூஜ்யம். கல்லை எடுத்து மோந்து பார்த்தால் சங்குத்துறைக் கடற்கரையில் காலையில் வீசுமே, அந்த வாசம்.

மனைவிக்கு அன்றைக்குத்தான் குளியலறை திரும்பக் கிடைத்தது.

குளச்சல் பொண்ணு

அண்ணா, கடலோரத்தில் இருந்துகொண்டு கல்லைக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்று எங்கள் வீட்டிலேயே சிரிப்பார்கள். "முங்கினா எடுத்துட்டு வந்திரலாமே" என்பான் என் தம்பி. எடுக்கக் கூடாது, கடலுக்குள் இந்தக் கல் என்பது பவளப் பாறைதான். 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கிற அதே அட்டவணை. செத்து வெளுத்த பவளத்துக்கும் இது பொருந்தும். வலையில் சிக்கி வந்தாலும் எங்கள் ஆட்கள் அங்கேயே கடலில் விட்டுவிடுவார்கள். தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை வெட்டி வெட்டியே மன்னார் வளைகுடாவில் இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. அதனால் கல்லுக்கு அண்ணா செய்த மாதிரி பழைய தொட்டி, இல்லையென்றால் செயற்கைக் கல்.

தண்ணீர் மட்டும் கடலிலிருந்தே எடுக்கிறேன். துறைமுகத்துக்குள் எடுக்காதீர்கள், டீசல் படலம் மிதக்கும். தம்பி வள்ளத்தில் போகும்போது கரையை விட்டு நன்றாக உள்ளே போய் கேனில் பிடித்து வருவான். மூடி, பத்து நாள் இருட்டில் வைத்தால் கலங்கல் அடியில் தங்கிவிடும். ஆனி, ஆடியில் கடல் கொந்தளிக்கிற நேரம் எடுப்பதே இல்லை, அதற்கு முன்பே நாலு கேன் சேர்த்து வைத்துக்கொள்வேன்.

மார்த்தாண்டம் ரப்பர்

நான் கல்லே சுட்டேன்! சுடவில்லை, வார்த்தேன். எங்கள் பக்கம் சிப்பிக்குப் பஞ்சமா? தின்று போட்ட சிப்பி ஓடுகளை நன்றாகக் கழுவி, வெயிலில் காய வைத்து, சுத்தியலால் நொறுக்கினேன். வெள்ளை சிமெண்ட் ஒரு பங்கு, ஓடும் கல்லுப்பும் சேர்ந்து மூன்று பங்கு, பிசைந்தால் பிடி நிற்கிற அளவுக்குத் தண்ணீர். உப்பு எதற்கு என்றால், பிறகு தண்ணீரில் கரைந்து போன இடமெல்லாம் துளை விழும், அதுதான் பாக்டீரியாவுக்கு வீடு.

முதல் தவணையை ரப்பர் பால் உறைய வைக்கிற தட்டில் வார்த்தேன். பார்க்க பெரிய பிஸ்கட் மாதிரி இருந்தது. அப்புறம் ஈர மணலில் குழி தோண்டி, கையால் அள்ளி அள்ளிப் போட்டேன், அது பாறை போல வந்தது.

பொறுமை வேண்டியது இதற்குப் பிறகுதான். சிமெண்ட் ஊறின தண்ணீரின் பிஹெச் 12-க்கு மேலே போகும், மீன் போட்டால் வெந்துவிடும். மழைநீர்த் தொட்டியில் போட்டு வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினேன். எட்டு வாரம் கழித்து, ஒரு நாள் ஊறின தண்ணீரில் 8.4 காட்டியது. இப்போது கல் ரெடி, உயிர் மட்டும் இல்லை. அண்ணே, உங்கள் கல்லில் முஷ்டி அளவுக்கு ஒரு துண்டு தருவீர்களா? பக்கத்தில் வைத்தால் பரவிவிடும்.

ஆற்றுக்கல்லைப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல். நம்ம மாவட்டத்துப் பாறை பெரும்பாலும் நுரைக்காது, உள்ளே துளையும் இருக்காது, சும்மா அழகுக்குத்தான்.

முனைக்காரன், கன்னியாகுமரி

நான் வாங்கின கல்லில் கூடவே ஒரு ஆள் வந்தான். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் தொட்டிப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டக்'. பல்லி என்று நினைத்தேன். அம்மா கண்ணாடி விரிசல் விடுகிறது என்று பயந்து, அடியில் இருந்த அரிசிச் சாக்கையே நகர்த்திவிட்டார். இரண்டு வாரத்தில் நத்தைகள் ஒவ்வொன்றாகக் காணோம், கூடு மட்டும் உடைந்து மூலையில் குவிந்து கிடந்தது.

சிவப்பு செலோபேன் தாள் சுற்றிய டார்ச்சோடு உட்கார்ந்தேன், சிவப்பு வெளிச்சம் ராத்திரி உலவுகிற கடல் உயிர்களை அவ்வளவாக மிரட்டாது. ஒன்றரை மணிக்கு ஒரு துளையிலிருந்து காம்பு மேல் இரண்டு கண்கள், தனித்தனியாகத் திரும்பிப் பார்த்தன. மான்டிஸ் இறால். விரல் நீளம்தான், ஆனால் குத்து விட்டால் சிப்பி ஓடு தெறிக்கும். கையை விட்டுவிடாதீர்கள்.

சோடா பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே ஒரு நெத்திலி. மூன்றாம் ராத்திரி மாட்டினான். இப்போது சின்ன அக்ரிலிக் பெட்டியில் தனிக்குடித்தனம். பயந்த அதே அம்மாதான் தினமும் சிப்பி ஊட்டுகிறார்.

டப்பில் ஒரு மாதம் வைத்திருந்தால் இவனை அங்கேயே பிடித்திருக்கலாம். கல்லைத் தூக்கினால் ஓடுகிற நண்டு, முள் குத்துகிற புழு எல்லாம் அங்கேதான் முகம் காட்டும்.

இன்னொன்று. முக்கடல் பக்கம் விற்கிற வண்ண மணல் பாக்கெட்டைத் தொட்டியில் கொட்டலாமா?

வடசேரிக்காரன்

வேண்டாம் மக்கா. ஒரு காந்தத்தை அந்த மணலில் ஓட்டிப் பார், எவ்வளவு ஒட்டுகிறது என்று. மணவாளக்குறிச்சிக் கரையில் இரும்பு கலந்த இல்மனைட்டும் கதிர்வீச்சுள்ள மோனசைட்டும் பிரித்தெடுக்கிறார்களே, இந்தக் கரை மணலில் அந்தச் சங்கதிகள் நிறைய உண்டு. தொட்டிக்கு வெள்ளை சுண்ணாம்பு மணல் போதும்.

மார்த்தாண்டம் தம்பி, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், ஒரு துண்டு உடைத்து வைக்கிறேன். என்னைப் போலச் செய்தித்தாள் கொண்டுவராதீர்கள். மூடி போட்ட வாளி, கல் முழுகுகிற அளவுக்கு உப்புத் தண்ணீர். அதே கண்டக்டர் இருந்தால் மீன் என்றே சொல்லிவிடுங்கள்.