பிள்ளைக்காரிக்கு இன்னொரு பிள்ளைக்காரி: உங்களால மறக்க முடியாத ஆளைப் பத்திச் சொல்லுங்க

கானாடுகாத்தான் மருமக

ஜுரத்தோட பிள்ளைக்கு வெட்டு, அதான் வலிப்பு, வந்த ராத்திரி. பார்த்தவங்களுக்குத் தெரியும், பார்க்காதவங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. இவுக சிங்கப்பூர்ல. வீட்டுல நான், இவுக அப்பத்தா, ஒன்றரை வயசு மக. எங்க வீடு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும். பின்கட்டுல கத்தினா முகப்புல இருக்கவுகளுக்கே கேக்காது. சாயங்காலத்துல இருந்து காய்ச்சல். திடீர்னு கண்ணு மேல சொருகி, கை கால் வெட்டுது. பின்கட்டுக் கதவைத் திறந்துக்கிட்டுத் தெருவுக்கு ஓடுனேன். எதுத்தாப்புல வாடகைக்கு இருந்த அக்கா, ரெட்டைப் பிள்ளைக்காரி, நைட்டி மேல துண்டைப் போட்டுக்கிட்டு அப்படியே வந்தாக.

உள்ள வந்தா, முகப்புக் கதவோட பழைய இரும்புச் சாவியை அப்பத்தா பிள்ளையோட பல்லுக்கு இடையில கொடுக்கப் போறாக. நாக்கைக் கடிச்சிரும்னு பயம். அந்தச் சாவி ஒரு சாண் நீளம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அந்த அக்கா சத்தம் போடல. சாவியைப் பிடிச்சாக, ஆனா பிடுங்கல. "அப்பத்தா, இந்தச் சாவிக்கு இப்ப வேற வேலை இருக்கு. ஆம்புலன்ஸ் முன்வாசலுக்குத்தான் வரும். நீங்க போயிக் கதவைத் தொறந்து விளக்கைப் போடுங்க"ன்னாக. அப்பத்தா மறுபேச்சுப் பேசாம நடந்தாக.

பிள்ளையை ஒருக்களிச்சுப் படுக்க வச்சாக. வாயோரம் வந்த நுரையைத் துடைச்சாக. என் போன்ல 108 போட்டு எங்கிட்டக் கொடுத்துட்டு, சுவத்துக் கடிகாரத்தைப் பார்த்து "ஒரு நிமிசம் ஆச்சு, ரெண்டாகப் போகுது"ன்னு எனக்குக் கேக்குற மாதிரி எண்ணிக்கிட்டே இருந்தாக. மூணைச் சொல்றதுக்குள்ள நின்னுருச்சு. வண்டி வந்தப்ப பிள்ளை அழுதுக்கிட்டு இருந்தா.

ஆஸ்பத்திரியில கேட்டேன், இதெல்லாம் எப்படிக்கா தெரியும்னு. "என் மூத்தவனுக்கு ஒரு தடவை வந்துச்சு. அப்ப நான் மட்டும்தான் இருந்தேன்"னு சொல்லிட்டு டீ வாங்கப் போயிட்டாக. கொஞ்ச நாள்ல அவுகளுக்கு ஊர் மாத்தலாயிருச்சு. அந்தப் பேச்சுதான் எனக்கு இன்னும் தீர மாட்டேங்குது. ரெட்டைப் பிள்ளையை வச்சுக்கிட்டு அன்னைக்கு அவுக தனியா என்ன செஞ்சிருப்பாக? அவுகளுக்கு யாரு மணி பார்த்துச் சொல்லியிருப்பா?

தேவகோட்டை ரெண்டு பையன்

பெரியவங்க செய்யிறதை எல்லாம் தப்புன்னு எழுதாதீங்க. என் சின்னவனுக்கு வெட்டு வந்தப்ப எங்க மாமியார் கையில சாவிக்கொத்தைத்தான் கொடுத்தாங்க. இறுக்கிப் பிடிச்சான், நின்னுச்சு. என் கண்ணால பார்த்தது. அந்த நேரத்துல ஓடி வந்து பக்கத்துல நின்னதும் என் மாமியார்தான், அவங்களும் மூணு பிள்ளை பெத்தவங்கதான்.

புதுவயல் சிஸ்டர்

தேவகோட்டைத் தங்கச்சி, கோபப்படாமக் கேளுங்க. காய்ச்சல் வெட்டு பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிசத்துல தானாவே நின்னுரும். சாவி கொடுத்தாலும் நிக்கும், கொடுக்காட்டியும் நிக்கும். கையில கொடுத்தா பெரிய கெடுதல் இல்ல. வாயில கொடுத்தா பல்லு உடையும், உடைஞ்ச பல்லு மூச்சுக்குழாய்க்குள்ள போகும். சாவி, கரண்டி, விரல் எதுவும் வாய்க்குள்ள போகக் கூடாது. தண்ணியும் ஊத்தக் கூடாது, மருந்தும் ஊத்தக் கூடாது.

இது 6 மாசத்துல இருந்து 5 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு வர்றது. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், கழுத்துப் பட்டனைத் தளர்த்தணும், கை காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது, மணியைப் பார்க்கணும். 5 நிமிசத்தைத் தாண்டினா ஒரு நொடி யோசிக்கக் கூடாது, 108. அதுக்குள்ள நின்னாலும் முதல் தடவைன்னா அன்னைக்கே டாக்டர்கிட்டக் காட்டியாகணும். பாராசிட்டமால் பிள்ளையோட எடைக்கு, ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 5 மில்லியில 120 இருக்கிற பாட்டிலும் விக்குது, 250 இருக்கிற பாட்டிலும் விக்குது, அதனால பக்கத்து வீட்டுல "ஒரு மூடி ஊத்து"ன்னு சொன்னா ஊத்தாதீங்க, லேபிளைப் படிங்க. மருந்து காய்ச்சலைத் தணிக்கும். வெட்டு வரவே வராதுன்னு அதை நம்பி இருக்க முடியாது. ஐஸ் தண்ணி வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணியில துடைச்சா போதும்.

என் அனுபவம்னா, நைட் டூட்டியில ஒரு தாய் அசந்து தூங்கிட்டா, பக்கத்துப் படுக்கைக்காரி தன் பிள்ளையை இடது தோள்ல போட்டுக்கிட்டு அவ பிள்ளையோட தொட்டிலைக் காலால ஆட்டிக்கிட்டே விடிய விடிய உக்காந்திருந்தா. ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசினது இல்ல.

பல்லவன்ல வந்தவ

பல்லவன் ரயில்ல எழும்பூர்ல இருந்து காரைக்குடிக்கு, நானும் என் ஆறு மாசப் பையனும். உக்காந்து வர்ற வண்டிதானே, அரை நாள்ல போயிரலாம்னு கிளம்பிட்டேன். விருத்தாசலம் தாண்டுனதும் எனக்குப் பாத்ரூம் போயே ஆகணும். பிள்ளையோட அந்த ஆடுற பெட்டியில எப்படிப் போறது? பிள்ளையோட வண்டியேறுன எல்லாருக்கும் இது தெரியும். தாம்பரத்துல இருந்தே அடக்கிக்கிட்டு வந்தேன்.

எதிர் வரிசையில ஒரு பொண்ணு, அவளுக்கு நாலு வயசு மக. என் முகத்தைப் பார்த்திருப்பா போல. "பிள்ளையை நான் வச்சிருக்கேன்"னு சொல்லல. சொல்லியிருந்தா நான் கொடுத்திருக்க மாட்டேன். "அக்கா, இவளுக்கு ஒன்னுக்கு வருதாம். கொஞ்சம் கூட்டிட்டுப் போயிட்டு வர்றீங்களா? சின்னவர் எங்கிட்ட இருக்கட்டும்"னு தன் மகளோட கையை எடுத்து என் கையில வச்சா. அவ பிள்ளை எங்கிட்ட, என் பிள்ளை அவகிட்ட.

கதவுகிட்டப் போனதும் அந்தச் சின்னது என்னை நிமிர்ந்து பார்த்து, "எனக்கு வரலையே ஆன்ட்டி"ன்னுச்சு.

அந்த இடத்துல நின்னு அழுதுட்டேன். என் பயத்தைத் தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கு ஈடா தன் பிள்ளையையே கொடுத்து அனுப்பியிருக்கா. திருச்சியில இறங்கிட்டா.

கண்டனூர் அம்மா

கதை நல்லா இருக்கு. ஆனா இதைப் படிச்சிட்டு நாளைக்கு ஒரு பொண்ணு முன்பின் தெரியாதவகிட்ட பிள்ளையைக் கொடுத்துட்டுப் போனா யார் பொறுப்பு? நானா இருந்தா கொடுக்க மாட்டேன். துணிக் கேரியர்ல பிள்ளையை முன்னால கட்டிக்கிட்டுப் போகலாம். இல்லைன்னா வண்டி நிக்கிற ஸ்டேஷனாப் பார்த்துப் போகணும். டிக்கெட் பரிசோதகரைக் கூப்பிடலாம். எந்த ரயில்ல ஏறினாலும் 139 நம்பரைக் கையில வச்சிருக்கணும், பிள்ளை சம்பந்தமா எதுன்னாலும் 1098. கூட ஒரு ஆள் இல்லாம ஆறு மாசப் பிள்ளையோட பயணமே வைக்காதீங்க. வீட்டுக்காரங்க ஒரு நாள் லீவு போட்டா குடி முழுகிப் போகாது.

பல்லவன்ல வந்தவ

கண்டனூர் அம்மா, லீவு போட ஆள் இருக்கிறவங்களுக்கு அது சரி. இவர் வேலை பார்க்கிற இடத்துல கேட்டுப் பார்த்தாச்சு, கிடைக்கல. முதல்ல அவதான் கொடுத்தா, நான் கொடுக்கல. அதைத்தான் எழுதியிருக்கேன், நீங்க இன்னொரு தடவை படிங்க.

கோட்டையூர் இளைய மருமகள்

எண்ணெய் ஊத்துற விஷயம். யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு பாட்டி வருவார். காலை நீட்டிப் பிள்ளையைக் கிடத்தி, தலைக்கு, நெஞ்சுக்கு எண்ணெய் தேய்த்து, கடைசியில் மூக்கில் ரெண்டு ரெண்டு சொட்டு. "சளி இறங்கும், மூக்கு எடுப்பா வரும்." எனக்கு அது பிடிக்கவே இல்லை. பிள்ளை திணறி இருமுவதைக் காணச் சகிக்காது. ஆனால் பேறு முடிந்து புகுந்த வீட்டுக்கு வந்த புதிது, வாய் திறக்க முடியாது.

என் ஓரகத்தி பெரிய மருமகள். என்னோடு அதிகம் பேச மாட்டார். அன்று அடுப்படியில் வெள்ளைப் பணியாரம் ஊற்றிக்கொண்டு இருந்தவர், கரண்டியைப் போட்டுவிட்டு வந்து குளிப்பாட்டுகிற இடத்தில் குந்தினார். பாட்டி எண்ணெய்க் கிண்ணத்தைச் சாய்க்கவும், இவர் தன் உள்ளங்கையைப் பிள்ளையின் மூக்குக்கு மேலே குடைபோல விரித்துக்கொண்டார். எண்ணெய் முழுக்க அவருடைய புறங்கையில் விழுந்து வழிந்தது. "மூக்குக்கு வேண்டாம் ஆயா. எண்ணெய் நுரையீரலுக்குப் போயிரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றார். எந்த டாக்டர், எப்போது சொன்னார் என்று மாமியார் கேட்டார். "என் மகனுக்கு நிமோனியா வந்தப்ப" என்றார் அவர். வீடே வாயடைத்துப் போனது. அந்தக் காய்ச்சலுக்கு எண்ணெய்தான் காரணம் என்று அதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அதன்பின் வீட்டில் விழுந்த பேச்செல்லாம் அவருக்கே. "பெரியவதான் தூண்டிவிடுறா" என்று. நான் ஒரு சொல்லும் வாங்கவில்லை. அவர் மகன் இருமியபோது இப்படிக் கை நீட்ட அந்த வீட்டில் வேறு மருமகள் இல்லை.

புதுவயல் சிஸ்டர்

உங்க ஓரகத்தி சொன்னது சரி. எண்ணெய் மூச்சோட உள்ள போனா நுரையீரல்ல தங்கி நிமோனியா கொண்டு வரும். உடம்புக்குத் தேய்க்கலாம். மூக்கு, காது, வாய்க்கு வேண்டாம். சாம்பிராணிப் புகையையும் பிள்ளைக்கு நேரே காட்டாதீங்க.

நாச்சியாபுரம்

காரைக்குடியில ஒரு கல்யாணம். பெரிய வீடு. வளவை, அதான் நடு முற்றத்தைச் சுத்தி அறை அறையா இருக்கு, அத்தனையிலும் பூட்டு. ஒவ்வொன்னும் ஒவ்வொரு பங்காளிக்கு, சாவி சென்னையிலயும் மலேசியாவிலயும். என் மக பாலுக்கு வீறிட்டு அழறா. யாரைக் கேட்டாலும் "அந்த ரூம் பூட்டியிருக்கு, வேணும்னா கார்ல போயி உக்காருங்க". சித்திரை வெயில்ல கார்லயா? 2015-லயே அரசாங்கம் பஸ் ஸ்டாண்டுல பால் கொடுக்க அறை கட்டிக் கொடுத்துச்சு. இத்தனை அறை உள்ள வீட்டுல பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒரு மூலை இல்ல.

ரெண்டாங்கட்டுல பந்தி நடக்குது. தூண் ஓரமா முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்தேன். பரிமாறுறவுக, போட்டோக்காரர்னு ஆம்பளைங்க குறுக்கயும் நெடுக்கயும் போறாக. அப்ப பந்தியில இருந்து ஒரு ஆச்சி எந்திரிச்சு வந்தாக. பாதிச் சாப்பாட்டுல இலையை விட்டு எந்திரிக்கிறது எங்க பக்கத்துல எப்பேர்ப்பட்ட விஷயம்னு உங்களுக்குத் தெரியும். பையில இருந்து ஒரு புதுக் கண்டாங்கியை, யாருக்கோ வைக்கக் கொண்டு வந்தது, உதறிப் பிரிச்சு ஒரு நுனியைத் தூணுல சுத்துனாக. மறுநுனியை இடது கையில உயரத் தூக்கிப் பிடிச்சாக. வலது கையில சோறு ஒட்டியிருக்கு, அது சேலையில படாம முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டாக. நான் பால் கொடுத்து முடிக்கிற வரைக்கும் அந்தக் கை காய்ஞ்சு வெள்ளையாப் போச்சு. நடுவுல ஒருத்தர் "என்ன ஆச்சி இங்க?"ன்னு கேட்டதுக்கு "பிள்ளை சாப்பிடுது, அந்தப் பக்கம் போங்க"ன்னாக. அவ்வளவுதான் பேசினது.

வீடு வச்சிருக்கவுக கவனிங்க. விசேஷத்துக்கு ஒரே ஒரு அறைச் சாவியை வாங்கி வைங்க. ஒரு பாய், ஒரு ஃபேன் போதும்.

தேவகோட்டை ரெண்டு பையன்

இதை நான் முழுசா ஒத்துக்கிறேன். எங்க வீட்டு அறைச் சாவியை இனிமே விசேஷம்னா சமையல்காரர்கிட்டக் கொடுத்து வைக்கச் சொல்லிட்டேன், மாமியாரும் சரின்னுட்டாங்க.

பள்ளத்தூர் புதுசு

எல்லாருக்கும் யாரோ ஒருத்தர் வந்திருக்காங்க. எனக்கு வந்தது காய்கறி விக்கிற அக்கா, அதுவும் ஒரே ஒரு நாள். பிள்ளைக்கு மூணு மாசம். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துல இருந்து ஒரே அழுகை. வீட்டுல வேற யாரும் இல்ல. அந்த அக்கா கூடையை இறக்கிட்டு, "குடு, நீ போயிச் சோத்தைத் தின்னுட்டு வா"ன்னு பிள்ளையை வாங்கித் திண்ணையில உக்காந்தாங்க. சூடா ரசம் ஊத்திச் சாப்பிட்டேன். பிள்ளை பிறந்த பிறகு சூடு ஆறாத சோறு அன்னைக்குத்தான். வெளிய வந்தா அவங்க கூடையில இருந்த ஒரு கத்தரிக்காயை அவன் முகத்துக்கு முன்னால ஆட்டி ஆட்டிப் பேசிக்கிட்டு இருக்காங்க, அவன் கண் கொட்டாமப் பார்த்துக்கிட்டு இருக்கான். அதுக்கப்புறம் அவங்க இந்தத் தெருவுக்கு வர்றதில்ல.

கண்டனூர் அம்மா

பிள்ளை பெத்தவ ஆறின சோறு சாப்பிடக் கூடாது. முருங்கைக்கீரை, பூண்டு, கருப்பட்டி போட்ட கும்மாயம் சேர்த்துக்குங்க. முத்துலட்சுமி ரெட்டி அம்மா பேர்ல அரசாங்கம் கொடுக்கிற பேறுகால உதவி 18,000 ரூபாய், அந்தம்மா நம்ம புதுக்கோட்டையில பிறந்தவங்கதான், அது வந்துச்சா? கர்ப்பத்தைப் பதிஞ்சப்ப கொடுத்த பிக்மி நம்பரோட கிராம சுகாதார செவிலியரைப் பாருங்க. ஊசி அட்டையைத் தொலைச்சிராதீங்க. பிள்ளை அழுதா வயித்துல காத்து இருக்கும், தோள்ல போட்டு முதுகைத் தட்டுங்க. பகல்ல பிள்ளை தூங்கும்போது நீங்களும் தூங்குங்க, வீட்டு வேலையைத் தூக்கிப் போடுங்க.

புதுவயல் சிஸ்டர்

தங்கச்சி, மூணு மாசத்துல அந்தி அழுகை சகஜம், மெல்லக் குறையும். அழுகை உங்களுக்கும் நிக்காம இருந்தா அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் 14416-க்குப் பேசுங்க. காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், ராத்திரியிலயும் எடுப்பாங்க.

பள்ளத்தூர் புதுசு

பணம் வந்துருச்சு அம்மா. நம்பரையும் குறிச்சுக்கிட்டேன் சிஸ்டர், நன்றி. எனக்கு இப்ப வேணுங்கிறது சாயங்காலத்துல ஒரு ஆள்.

கானாடுகாத்தான் மருமக

பள்ளத்தூர் இங்க இருந்து பக்கம்தான். எந்தத் தெருன்னு எனக்குத் தனியா எழுதுங்க, இங்க போடாதீங்க. நாளைக்கு அஞ்சு மணிக்கு மகளைக் கூட்டிக்கிட்டு வண்டியில வர்றேன். சோறு நான் கொண்டு வரவா, இல்ல அங்க வந்து வடிக்கவா? பிள்ளைக்குப் பால் கொடுக்கிறதால உங்களுக்கு ஆகாதது ஏதும் இருந்தா இப்பவே சொல்லிருங்க, ரசத்துக்கு மிளகு பார்த்துப் போடணும்.