செஸ் போட்டிகளில் இன்னும் உங்களை உறுத்திக்கொண்டிருக்கும் ஆட்டம் எது? – தென்னாப்பிரிக்கத் தமிழர் அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த் 1707

நான்காம் சுற்றில் எனக்கு எதிரே அமர்ந்த பையனுக்குப் பதினொரு வயது இருக்கும். நாற்காலியில் மண்டியிட்டால்தான் எட்டாம் வரிசைக்குக் கை எட்டும். ஆட்டப் பலத்தைக் குறிக்கும் என் ரேட்டிங் எண் 1707, அதிலும் 195 புள்ளி நான் ஆடிச் சம்பாதித்ததல்ல. 2000-க்குக் கீழே இருந்தவர்களுக்கு உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே 2024 மார்ச்சில், 2000-க்குக் குறைகிற எண்ணிக்கையில் பத்தில் நான்கு பங்கைக் கூட்டிக் கொடுத்ததே, அப்போது 1512-இலிருந்து ஏறியது. கணினியோடு பழகிய பிள்ளைகள் தம் உண்மையான பலத்தைவிட மிகக் குறைந்த ரேட்டிங்கோடு வந்து உட்கார்ந்து, எங்களைப் போன்றவர்களின் புள்ளிகளை ஆண்டுக்கணக்கில் கரைத்ததற்கு இது ஈடு என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றரை மணி நேரத்துக்குப் பிறகு அவனிடம் ஒரு பிஷப்பும் பலகையின் ஓரமான எச் வரிசையில் ஒரு சிப்பாயும் மிச்சம். என் கடைசிச் சிப்பாய் விழுந்ததும் நான் கடிகாரத்தை நிறுத்தி, தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தேன். நடையில் அவன் தன் தாயாரின் கைப்பேசியை வாங்கி, நிலையை அதில் அடுக்கி என்னிடம் நீட்டினான். திரையின் ஓரத்தில் பூஜ்யம், புள்ளி, பூஜ்யம் பூஜ்யம் என்று இருந்தது. "அங்கிள், இது டிரா" என்றான். அந்தப் பூஜ்யங்கள் இரவில் கண்ணை மூடினாலும் தெரிகின்றன.

டோங்காட் பழைய ஆட்டக்காரன்

சாட்ஸ்வொர்த் ஐயா, வருத்தம் புரிகிறது. ஆனால் இதில் கணினியின் குற்றம் என்ன? அந்த பிஷப் வெள்ளைக் கட்டத்தில் ஓடுவதாக இருந்திருந்தால், சிப்பாய் ராணியாக வேண்டிய மூலையான எச்8 கறுப்புக் கட்டம் என்பதால், உங்கள் ராஜா அந்த மூலையில் போய் உட்கார்ந்துகொண்டால் உலக சாம்பியனே வந்தாலும் வெல்ல முடியாது. மின்சாரம் இல்லாத காலத்துப் புத்தகங்களிலேயே இது உண்டு. நாம் படிக்காததை இயந்திரத்தின் தலையில் போடுவது நியாயமன்று.

இயந்திரம் உண்மையிலேயே எடுத்துக்கொண்டு போன ஒன்றை நான் சொல்கிறேன். எங்கள் லீக் ஆட்டங்கள் இரவில் நடக்கும். மண்டபத்தைப் பூட்ட வேண்டும் என்று காவலாளி வாசலில் நின்றால், அடுத்த நகர்த்தலைத் தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டி நடுவரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் தொடர்வோம். அப்படி ஓர் ஆட்டம், யானையும் மூன்று சிப்பாயும் இருபுறமும். ஏழு நாள் சமையலறை மேசையில் பலகை கிடந்தது. ஆலையில் ஷிப்ட் முடித்து வந்து, ரொட்டி மாவு பிசைய இடமில்லை என்று மனைவி முணுமுணுக்க, ஐந்தாம் நாள் விடியற்காலையில் யானையை ஒரு கட்டம் பின்னால் இழுக்கும் நகர்த்தலைக் கண்டேன். வென்றேன். இன்று அதைக் கைப்பேசி மூன்று நொடியில் சொல்லிவிடும். அதனால்தான் 1990-களில் ஒத்திவைப்பு முறையே போட்டிகளிலிருந்து மறைந்தது. அந்த விடியற்காலை இனி யாருக்கும் கிடைக்காது என்பதுதான் என் உறுத்தல்.

இன்னொன்று: அந்தப் பையனுக்கு அது டிரா என்று ஆடும்போதே தெரிந்திருந்ததா? அதை நீங்கள் சொல்லவில்லை.

இரவுப் பணிச் செவிலி, லெனேசியா

2020 மார்ச் 27-ஆம் தேதி ஊரடங்கு தொடங்கிய பிறகு இணையத்தில் மட்டுமே ஆடினேன். ஒரு விடியற்காலை, பணி முடிந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் ஆடிய ஆட்டம்தான் என் வாழ்க்கையிலேயே நான் ஆடிய சிறந்த ஆட்டம். 58 நகர்த்தல் தாக்குப்பிடித்துத் தோற்றேன். ஆடும்போதே ஒன்று நெருடியது. அவர் எந்த நகர்த்தலுக்கும் ஏழு நொடி எடுத்தார். என் ராணி அவருடைய ராணியை வெட்டியபோது, திருப்பி வெட்டுவதைத் தவிர வேறு வழியே இல்லாத இடத்திலும் அதே ஏழு நொடி. மனிதர் யாரும் அங்கே ஏழு நொடி யோசிக்கமாட்டார்.

இரண்டு வாரம் கழித்து, எதிராளி விதிமீறியதால் எனக்கு 9 புள்ளி திருப்பித் தரப்படுகிறது என்று ஓர் அறிவிப்பு வந்தது. எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. அந்த 58 நகர்த்தலை நான் யாரோடு ஆடினேன் என்று இப்போது சொல்லிக்கொள்வது? மகனிடம் காட்டியபோது, "நீங்கள் இயந்திரத்திடம் 58 வரை நின்றீர்கள் அம்மா, அதைச் சட்டம் போட்டு மாட்டுங்கள்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

சர்க்கரைக்காரன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

செவிலி அக்கா ஏமாற்றப்பட்டவர். நான் ஏமாற்றியதாக நினைக்கப்பட்டவன். 2019 ஜூலையில் ஸ்ட்ராஸ்பர்க்கில் கிராண்ட்மாஸ்டர் ஒருவர் கழிப்பறையில் கைப்பேசியோடு சிக்கியதிலிருந்து, ஆட்டத்தின் நடுவே எழுந்து போகிறவனை எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். நான் நீரிழிவுக்காரன், எழுந்துதான் ஆக வேண்டும். அன்று மூன்றாம் முறை திரும்பி வந்தபோது எதிராளி நடுவரை அழைத்துவிட்டார்.

பையைத் துழாவினார்கள், கார் சாவியும், கோவிலில் வாங்கிய திருநீற்றுப் பொட்டலமும், இரண்டு மிட்டாயும் இருந்தன. பிறகு சட்டைக் கையை உயர்த்தச் சொன்னார்கள். மேற்கையில் சர்க்கரை அளக்கும் சென்சார், ஐந்து ரேண்ட் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை வில்லை, ஒட்டியிருந்தது. மண்டபம் முழுவதும் கடிகாரச் சத்தம் மட்டும். நடுவர் அதைத் தொடவும் தயங்கி, விடவும் தயங்கி, குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். விதி அவர் பக்கம்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்: நடுவர் அனுமதிக்காத எந்த மின்னணுக் கருவியும் ஆடும் இடத்தில் இருக்கக் கூடாது, நான் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். ஆட்டத்தைத் தொடர விட்டார்கள். ஆனால் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த, இருபது ஆண்டாக என்னோடு ஆடுகிற நண்பர், அந்த நேரத்தில் என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தார்.

பயிற்சியாளர், ஃபீனிக்ஸ்

எல்லோருடைய அனுபவத்தையும் படித்தேன். நானும் ஒரு முறை ஒரே நகர்த்தலில் இருந்த செக்மேட்டைக் கவனிக்காமல் தோற்றவன். அதை விடுங்கள், 2006-இல் பான் நகரில் டீப் ஃப்ரிட்ஸ் என்ற செஸ் நிரலோடு ஆடிய கிராம்னிக்கே அப்போது உலக சாம்பியனாக இருந்தும் அதே வகைச் செக்மேட்டைப் பார்க்கத் தவறினார்.

சாட்ஸ்வொர்த் நண்பர் செய்யக் கூடாதது, ஆட்டம் முடிந்த சூட்டில் கைப்பேசியைப் பார்த்தது. முதலில் எதிராளியோடு உட்கார்ந்து காய்களைத் திரும்ப நகர்த்திப் பேச வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நகர்த்தல் தாளின் ஓரத்தில் எங்கே பயந்தோம், எங்கே அவசரப்பட்டோம் என்று பென்சிலால் குறிக்க வேண்டும். அதற்குப் பிறகே என்ஜினை, அதாவது ஆட்டத்தைக் கணிக்கும் கணினி நிரலை, திறக்க வேண்டும், அதுவும் குறித்த இடங்களை மட்டும் கேட்பதற்காக. நம் தரத்தில் ஆடுகிறவர்களுக்கு என்ஜின் கணிப்பில் காட்டும் அரைப் புள்ளி வித்தியாசத்தால் ஆவது ஒன்றுமில்லை. காய் பறிபோன இடம்தான் பாடம். பலகையில் ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்களோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் என்ஜின் கணிப்பே வேண்டாம். 2018-இல் ஏழு காய் வரை நிறைவுபெற்ற சிசிஜி அட்டவணை வெற்றியா டிராவா என்று தீர்ப்பாகவே சொல்லிவிடும், அதை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் அண்ணன் மருத்துவச் சான்றிதழின் நகல் இரண்டை எப்போதும் பையில் வைத்திருந்து, முதல் சுற்றுக்கு முன்பே தலைமை நடுவரிடம் ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். காலையில் சோற்றைக் குறைத்துக்கொண்டால் எழுந்து போகும் தேவையும் குறையலாம்.

சர்க்கரைக்காரன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

சான்றிதழ் யோசனைக்கு நன்றி. சோற்றைப் பற்றி என் மருத்துவரிடமும் மனைவியிடமும் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், தம்பி.

சாட்ஸ்வொர்த் 1707

டோங்காட் ஐயா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. என் ராஜா ஜி7-இல் இருந்தது, மூலைக்கு ஓரடி. பிஷப் வெள்ளைக் கட்டத்தில்தான். எனக்கு நான்கு நிமிடமும் மிச்சம் இருந்தது. நீங்கள் சொல்வதும் சரிதான், அந்தப் பாடத்தை நான் எப்போதோ படித்து மறந்திருக்கிறேன்.

முதலில் எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன். நடையில் அவன் டிரா என்றதும் நான் நம்பவில்லை, வாதாடினேன். அதன் பிறகுதான் அவன் தாயாரிடம் கைப்பேசியை வாங்கப் போனான். பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு, உனக்கு இது எப்போது தெரியும் என்று கேட்டேன். "சிப்பாயை வெட்டும்போதே தெரியும், அங்கிள். அதனால்தான் பலகையைப் பார்க்காமல் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றான்.