மறு: சரக்குந்தில் பூட்டிய உந்துகணைத் தொகுதிக்குத் தமிழ்ப்பெயர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

படைக்கலத் தொழில்நுட்ப நூலின் மொழிபெயர்ப்பில், சரக்குந்தில் (லாரியில்) பூட்டிய அமெரிக்க உந்துகணை (ராக்கெட்) ஏவும் கருவியான ஹைமார்ஸ் பற்றிய இயலை வரும் திங்கட்கிழமை பதிப்பாசிரியரிடம் ஒப்படைத்தாக வேண்டும். மடல்கள் பெருகியும் முடிவு நெருங்காததால், வந்த பரிந்துரைகளை முன்வைத்து என் கருத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

> ‘பல்குழல் பீரங்கி’ என்று எழுதியும் படித்தும் மக்கள் பழகிவிட்டார்கள். பழகிய சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

பழகிய சொல்லை விலக்குவது எனக்கும் உவப்பானதன்று. ஆயினும் இங்கே அச்சொல்லின் இரு பகுதிகளுமே பொருளைத் தவறவிடுகின்றன. பீரங்கி என்றதும் வாசகர் மனத்தில் தோன்றுவது நீண்ட குழல். அதன் குண்டு தனக்கு வேண்டிய விசை முழுவதையும் குழலுக்குள்ளேயே பெற்றுவிடுகிறது. உந்துகணையோ தன் எரிபொருளைத் தானே சுமந்துகொண்டு, வெளிவந்த பின்னும் விரைவு கூடிச் செல்கிறது. படைப்பிரிவைப் பீரங்கிப் படை என்பதில் எனக்கு மறுப்பில்லை. கருவியைப் பீரங்கி என்பதில்தான் மறுப்பு.

அடுத்து, ‘பல்’. 1941இல் சோவியத் படை களத்தில் இறக்கிய கத்யூஷாவில் 16 உந்துகணைகள் இருந்தன; அவையும் குழல்களிலிருந்து அல்ல, தண்டவாளம் போன்ற சட்டங்களிலிருந்தே கிளம்பின. பின்னர் வந்த ‘கிராட்’ என்னும் சோவியத் கருவியில் 40 குழல்கள். தனித்தனியே குறி தவறக்கூடியவை என்பதாலேயே அவற்றைக் கூட்டமாகச் செலுத்தி ஒரு நிலப்பரப்பையே தாக்க வேண்டியிருந்தது. அங்கே ‘பல்’ என்பதுதான் கருவியின் உயிர். ஹைமார்ஸ் சுமப்பதோ 227 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆறே உந்துகணைகள். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு இலக்கைக் கொடுத்து, 70 கிலோமீட்டருக்கு அப்பாலும் ஒரு கட்டடத்தைத் தேர்ந்து தாக்கலாம். அந்த ஆறு கணைகளின் இடத்தில் 300 கிலோமீட்டர் வரை செல்லும் ஒற்றை ஏவுகணையையும் வைக்கலாம். ஒன்றை மட்டுமே தாங்கி நிற்கும்போதும் அதைப் பல்குழல் என்று அழைப்பது எவ்வாறு பொருந்தும்?

> பொள்ளிலூர்ப் போரில் ஐதர் அலியின் படை வீசியவை வாணங்கள்தாமே? ‘வழிகாட்டு வாணம்’ என்றால் நம் வரலாறும் சொல்லில் நிற்கும்.

இந்த மடலை மிகவும் விரும்பிப் படித்தேன். 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே ஆங்கிலேயர் மேல் பாய்ந்த இரும்புக்கூட்டு வாணங்களே பின்னர் ஆங்கிலேயரான காங்கிரீவின் உந்துகணை ஆய்வுக்குத் தூண்டுதலாயின என்பதை இயலின் முன்னுரையில் எழுதியே ஆக வேண்டும். ஆனால் இன்று வாணம் என்றால் வாசகருக்கு வாணவேடிக்கை. உரைநடையில் அந்தச் சொல் தன் பழைய இடத்தைப் பெறட்டும். கலைச்சொல்லாக அது சுமக்கும் பாரம் மிகுதி.

‘வழிகாட்டு’ என்னும் அடையைப் பற்றியே நாம் போதிய அளவு பேசவில்லை என எண்ணுகிறேன். இலக்கின் மேல் சீரொளிக் (லேசர்) கதிரை ஒருவர் பாய்ச்ச, அதைப் பின்பற்றிச் செல்லும் குண்டுகளும் உண்டு. அவற்றுக்கு வழிகாட்டுநர் வெளியே இருக்கிறார். ஹைமார்ஸ் உந்துகணை அப்படியன்று. இலக்கின் ஆயத்தொலைவுகள் ஏவுமுன் ஊட்டப்பட்ட பின், செயற்கைக்கோள் குறிகைகளையும் (சிக்னல்) தன்னுள் இருந்து தன் அசைவை அளக்கும் நிலைம உணரிகளையும் கொண்டு, மூக்குப் பகுதியிலுள்ள சிறு துடுப்புகளைத் திருப்பித் தானே பாதையைத் திருத்திக்கொள்கிறது. செயற்கைக்கோள் குறிகையைப் பகைவர் குலைத்தாலும், துல்லியம் குன்றியேனும் நிலைம உணரிகளால் தொடர்ந்து செல்கிறது. ஆகவே ‘வழியறி உந்துகணை’ என்னும் வினைத்தொகையை முன்மொழிகிறேன்.

நண்பர் ஒருவர் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் மதுரை மதிற்பொறிகளின் வரிசையில் வரும் ‘சென்றெறி சிரல்’ என்பதை நினைவூட்டியிருந்தார். பகைவர் மேல் சென்று தாக்கும் மீன்கொத்தி வடிவப் பொறி அது. ‘சென்றெறி கணை’ என்றால் செவிக்கு இனிமைதான். ஆனால் வழியறியாத கணையும் சென்றுதானே எறிகிறது? வேறுபாட்டைக் காட்டாத அடை நமக்கு உதவாது.

> ராக்கெட்டுக்குத்தான் ‘ஏவூர்தி’ இருக்கிறதே?

விண்வெளி நூல்களில் அது செயற்கைக்கோளைச் சுமந்து செல்வதைக் குறிக்கிறது. இங்கே ஏவுகின்ற ஊர்தி என்றால் தரையில் நிற்கும் ஆறு சக்கரச் சரக்குந்துதான். ஒரே சொல் பறப்பதையும் பறக்கவிடுவதையும் குறித்தால் மாணவர் தடுமாறுவார். (ஏவு + ஊர்தி புணர்ந்து ‘ஏவுவூர்தி’ ஆகாதோ என்ற ஐயத்துக்கு, முற்றியலுகரமும் சில இடங்களில் உயிர் வரக் கெடும் என்னும் நன்னூலின் ‘முற்றும் அற்று ஒரோவழி’ போதிய விடை. அதன்மேல் இத்தனை மடல்கள் தேவையில்லை.) ‘சரக்குந்து உந்துகணை’ என்று இரண்டு உந்து அடுத்தடுத்து வருவதும் நாவில் இடறுகிறது. ஊர்தியைப் பெயரில் திணிக்காமல் விளக்கத்தில் சொல்வோம்.

கணைகள் அடைத்த பெட்டிக்கு ஐயா அவர்கள் தந்த ‘தூணி’ இந்த விவாதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆலையிலேயே ஆறு கணைகளையும் இட்டு மூடி முத்திரையிட்ட பெட்டி. தீர்ந்ததும் ஊர்தியிலுள்ள தூக்கியைக் கொண்டே, மூவர் அடங்கிய குழு வெற்றுப் பெட்டியை இறக்கி நிறைபெட்டியை ஏற்றிவிடுகிறது. வில்லாளி தோளிலிருந்து தூணியை மாற்றுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. அது வடசொல் என்றும் ‘ஆவநாழிகை’யே வேண்டும் என்றும் எழுந்த எதிர்ப்பை மதிக்கிறேன், ஆனால் நாழிகை என்றால் இன்றைய வாசகர் காலக்கணக்கையே நினைப்பார், அம்பறாத்தூணியைக் கதைகளில் படித்தவருக்குத் தூணி உடனே விளங்கும். இந்தப் பெட்டியில் அம்பு அறும் என்பதால் முன்னடையை மட்டும் விட்டுவிடலாம்.

ஆகவே இயலில் ‘வழியறி உந்துகணைச் செலுத்தி’ என்றும், பெட்டியைக் ‘கணைத்தூணி’ என்றும், தனிப்பெயரை ஹைமார்ஸ் என ஒலிபெயர்த்தும் எழுத விரும்புகிறேன். மறுமொழி தந்தவர்களில் பெரும்பாலோர் ‘உந்துகணைச் செலுத்தி’ வரை உடன்பட்டிருக்கிறீர்கள். ‘சேணேவி’யை (சேண், அதாவது தொலைவுக்கு ஏவுவது) முன்வைத்தவர் உடன்படவில்லை, அவருடைய சொல்லை அடிக்குறிப்பில் தருவேன்.

இரண்டு தடைகள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. முதலாவது, இந்தியாவின் பினாகா 12 உந்துகணைகளோடு வழியறியா வகையாகவே படையில் சேர்ந்தது; வழியறி வகை பின்னர்தான் உருவானது. அடை கணைக்குரியதேயன்றிச் செலுத்திக்குரியதன்று என்று கொண்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். இரண்டாவது கடினமானது: தூணியில் ஒற்றை ஏவுகணை இருக்கும்போது ‘உந்துகணைச் செலுத்தி’ என்பது குறைபட்ட பெயராகிறது. ‘கணைச்செலுத்தி’ என்று சுருக்கினால் இரண்டும் அடங்கும், ஆனால் எறிகணையும் (பீரங்கிக் குண்டும்) உள்ளே நுழைந்துவிடும். இந்த ஒன்றை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆராய்ந்து எழுத வேண்டுகிறேன். மறுமொழி வராவிடில் ‘உந்துகணைச் செலுத்தி’யையே வைத்து, ஏவுகணைக்கும் அது பயன்படும் என ஒரு வரி சேர்த்து ஒப்படைத்துவிடுவேன்.