வீட்டிலிருந்தே வேலை: பெருந்தொற்றுக்குப் பின் இலங்கை மலையகத்தில் கண்டவை

மஸ்கெலியா, தோட்டப் பாடசாலை ஆசிரியை (தொடக்கப் பதிவு)

பெருந்தொற்றுக்குப் பிறகு வேலை செய்யும் முறையே மாறிவிடும், அலுவலகங்கள் வெறிச்சோடும், எல்லோரும் வீட்டிலிருந்தபடியே உழைப்பார்கள் என்று 2020 ஆம் ஆண்டு நாளிதழ்களில் படித்தபோது எனக்கு எழுந்த முதல் கேள்வி, எங்கள் தேயிலைத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வீடு எங்கே முடிந்து வேலைத்தலம் எங்கே தொடங்குகிறது என்பதுதான். தோட்டம் கட்டிய காம்பராவில் (லய அறையில்) படுத்தெழுந்து, தோட்டத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் (குழந்தைகள் காப்பகத்தில்) குழந்தையை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறும் ஒருவர், சரியாகச் சொன்னால், பல தலைமுறைகளாக வேலைத்தலத்துக்குள்ளேதான் குடியிருக்கிறார். கொரோனா நம்மவர்களின் வேலையில் எதை மாற்றியது, எதைத் தொடாமல் விட்டது என்பதை நம் குழுவின் உறுப்பினர்கள் அவரவர் கண்டதைக் கொண்டு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். நானே தொடங்குகிறேன்.

2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பாடசாலைகளை அதற்கு ஒரு வாரம் முன்பே மூடியிருந்தார்கள். நாடே வீட்டுக்குள் இருக்கிறது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்த காலையில், என் விடுதிச் சன்னலுக்கு நேரெதிரே பெண்கள் வழக்கம்போலப் படங்கை (சாக்குத் துணியை) இடுப்பில் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஏழெட்டு நாளுக்கு ஒரு முறை எடுக்காவிட்டால் கொழுந்து முற்றிவிடும் என்பதால் தேயிலைத் தொழிலுக்கு ஊரடங்கிலும் அனுமதி இருந்தது. காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் ஒரு மீற்றர் இடைவெளி விட்டு நிற்கச் சொன்னார்கள், நின்றார்கள். மாலையில் அதே பெண்கள் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குத் திரும்பி ஐந்தாறு பேரோடு படுத்துக்கொண்டார்கள். இடைவெளியை அளக்க அங்கே யாரும் வரவில்லை.

என் மாணவி ஒருத்தியின் தாயை ஒரு நாள் பாலத்தடியில் கண்டு, பயமாக இல்லையா என்று கேட்டேன். முகத்தில் கட்டியிருந்த சேலைத் துணியை இறக்காமலே, "பயந்துகிட்டு வீட்டுல இருந்தா பேரு விழுமா டீச்சர்?" என்றார். வெளியூர் உறுப்பினர்களுக்காக ஒரு விளக்கம்: அன்றைய நாட்சம்பளம் பதிவேட்டில் ஏறுவதைத்தான் எங்கள் பக்கத்தில் பேர் விழுவது என்போம்.

பாடங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். தகப்பனார் கைத்தொலைபேசியோடு வேலைக்குப் போய் இரவு ஏழு மணிக்குத் திரும்பும் வீட்டில், காலை எட்டு மணிக்கு நான் அனுப்பிய கணிதப் பாடம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் திறக்கப்படும். அதற்குள் டேட்டா தீர்ந்திருக்கும். முடிவில் கையால் எழுதிய பயிற்சித் தாள்களைச் சில்லறைக் கடையில் கொடுத்து வைத்தேன். அரிசி வாங்க வருபவர்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லி எடுத்துப் போனார்கள். எனக்குத் தெரிந்தவரை அதுதான் அந்த ஆண்டில் ஒழுங்காக நடந்த ஒரே தொலைக்கல்வி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2021 ஜூலை 12 ஆம் திகதி முதல் ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டுக்காக இணையவழிக் கற்பித்தலைப் புறக்கணித்தபோது நானும் நிறுத்தினேன். பெற்றோர் ஏசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு தகப்பனார், தாங்கள் வேலைநிறுத்தம் செய்த நாட்களில் கடைக்காரர் கடன் கொடுத்த கதையைச் சொல்லிவிட்டு, எனக்குச் சம்பளம் வருகிறதா என்று மட்டும் விசாரித்தார். எனக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அவ்வாண்டு ஒக்டோபர் 21 ஆம் திகதி, இருநூறுக்குக் குறைந்த மாணவர்கள் உள்ள பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் முதலில் திறக்கப்பட்டன. தோட்டப் பாடசாலைகள் சிறியவை என்பது அப்போது ஒரு தடவை நமக்கு உதவியது. மேல் வகுப்புகள் நவம்பரில் தொடங்கியபோது எங்கள் பத்தாம் தரத்தில் மூன்று மேசைகள் காலியாக இருந்தன. மூவரும் பையன்கள். ஒருவன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருப்பதாகச் சொன்னார்கள். மற்ற இருவரைப் பற்றி அவர்களுடைய வீட்டார் தெளிவாக எதுவும் சொல்லவில்லை.

பண்டாரவளையைச் சேர்ந்தவர்

டீச்சர் சொன்ன அந்த மேசைகளில் ஒன்று, சில ஆண்டுகளுக்கு முன் என்னுடையதாக இருந்தது. பதினேழு வயதில் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். கடைக்கு மேலேயே படுக்கை. எங்களைப் போன்றவர்களுக்குக் கொழும்பிலும் வீடும் வேலைத்தலமும் ஒன்றுதான் என்பதை உங்கள் பதிவைப் படித்த பிறகே உணர்ந்தேன். முதல் ஊரடங்கில் நாங்கள் நால்வர் பல வாரங்கள் அந்த மாடியிலேயே அடைபட்டுக் கிடந்தோம். முதலாளி அரிசியும் பருப்பும் அனுப்பினார், சம்பளம் அனுப்பவில்லை. பசியாற்றியவரைக் குறை சொல்லலாமா என்று இன்றும் எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை.

2020 ஒக்டோபரில் இரண்டாம் அலை தொடங்கியவுடன் கிடைத்த வாகனத்தில் ஊருக்கு வந்துவிட்டேன். கொழும்பிலேயே தங்கிவிட்ட என் நண்பனுக்கு, அந்நகரம் உள்ள மேல் மாகாணத்திலிருந்து வெளியேறத் தடை போட்டதால், அந்தத் தீபாவளிக்கும் வர முடியவில்லை. வந்த எனக்கு என்ன நடந்தது என்றால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கதவில் அறிவித்தல் ஒட்டினார். ஒவ்வொரு தீபாவளிக்கும் சட்டையும் பட்டாசும் கொண்டுவரும் பையன் என்று வாசலுக்கு வந்து வரவேற்றவர்கள், இந்த முறை குழாயடிக்கு நான் வரும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். காம்பராவில் அம்மா, அப்பா, அக்கா, அக்காவின் கைக்குழந்தை இருந்ததால், பதினான்கு நாளும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் படுத்தேன். ஆனால் ஒதுங்கிய அதே வீடுகளிலிருந்துதான் ரொட்டியும் சம்பலும் படிக்கட்டுக்கு வந்தன. தட்டை யார் வைத்தார்கள் என்பது பல நாள் தெரியாது.

அதன் பிறகு மாமாவின் முச்சக்கரவண்டியில், தொலைபேசியில் சொல்பவர்களுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினேன். ஊரிலேயே பிழைக்க வழி வந்துவிட்டது என்று நம்பிய ஒன்றரை ஆண்டு அது. 2022 இல் பெற்றோல் வரிசையில் இரண்டு நாள் நின்று கிடைத்த எண்ணெயில் ஒரு நாள் ஓடினால் கணக்கு எப்படிச் சரிவரும்? பெருந்தொற்று சமூகத்தை எப்படி மாற்றியது என்று எழுதுபவர்கள், இலங்கையில் அதை உர இறக்குமதித் தடையிலிருந்தும் பொருளாதார நெருக்கடியிலிருந்தும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றின் காயம் ஆறுமுன் அடுத்தது விழுந்தது. நான் மறுபடியும் கொழும்பில் இருக்கிறேன்; இப்போது வாடகை அறையில்.

மாத்தளை, ஓய்வுபெற்ற தபால் ஊழியர்

தம்பியின் குசினிப் பதினான்கு நாட்களைப் படித்தபோது என் பாட்டி நினைவுக்கு வந்தார். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களைத் தமிழ்நாட்டின் மண்டபம் முகாமில் நாள் கணக்கில் தடுத்து வைத்து, நோய் உண்டா என்று பார்த்து, மருந்து நீரில் குளிக்கச் செய்து, தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகட்டைக் கழுத்தில் மாட்டித்தான் கப்பலேற்றினார்கள். தனிமைப்படுத்தல் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. இந்த நாட்டுக்குள் நாம் நுழைந்த வாசலே அதுதான். பாட்டி அந்த முகாமைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பசியைக்கூடச் சொல்லமாட்டார், மருந்தின் வாடையைத்தான் சொல்வார்.

தலவாக்கலை, தேயிலைத் தொழிற்சாலை எழுதுவினைஞர்

நான் மேசைக்கு இந்தப் பக்கம், நிர்வாகத்தின் பக்கம், இருப்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஆம் ஆண்டிலிருந்து ஒரு மண்டபத்தில் ஆட்கள் கூடி விலை கூவும் முறையில் நடந்து வந்தது. 2020 ஏப்ரலில், ஊரடங்கு தொடங்கிச் சுமார் இரண்டு வாரங்களில், அது கணினிக்கு மாறியது; ஊரடங்கு நீங்கிய பிறகும் கணினியிலேயே தொடர்ந்தது. நூற்று முப்பத்தாறு ஆண்டுப் பழக்கத்தை இரண்டு வாரத்தில் மாற்ற முடிகிறது என்று அன்று வியந்தேன். ஏலத்தை மாற்றிய வேகம் மலைக்கு ஏறி வரவில்லை. கொழுந்து நிறுக்கும் எங்கள் மடுவத்தில் ஈரத்துக்கும் படங்குக்கும் கிலோ கழிக்கும் வழக்கம் அப்படியே இருந்தது, அதே தராசு, அதே தகராறு.

தோட்டத் தொழிலாளரின் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்தது. அதற்கு முன் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். பெருந்தொற்றுக் காலத்தில் கிடைத்த ஒரு நன்மை என்று பலரும் அதைச் சொல்கிறார்கள். சம்பளப் பட்டியல் தயாரித்தவன் என்ற முறையில் நான் கண்டது வேறு: எங்கள் தோட்டத்தில் ஒரு முழுப் பேருக்கு எடுக்க வேண்டிய கிலோ கூடியது, அதை எட்டாதவர்களுக்கு அரைப்பேர் போடப்பட்டது, மாதத்தில் வேலை கொடுக்கும் நாட்கள் குறைந்தன, கைக்காசு வேலை பெருகியது. கைக்காசில் சேமலாப நிதி (ஓய்வுக்காலச் சேமிப்பு) இல்லை. அன்றன்று காசு கையில் கிடைப்பதால் இளையவர்கள் அதையே விரும்புகிறார்கள் என்பதும் உண்மை. அவர்களைப் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் ஐம்பத்தைந்து வயதில் அவர்கள் கையில் என்ன இருக்கும் என்பதை இந்த மேசையிலிருந்து பார்க்கிறேன்.

நுவரெலியா, மரக்கறித் தோட்டம்

எங்களுக்கு ஒரே ஒரு மாற்றம்தான். லொறி வராமல் கரட்டையும் லீக்ஸையும் மண்ணிலேயே விட்ட அந்த ஏப்ரலுக்குப் பிறகு, ஒரே வியாபாரியை நம்பிப் பயிர் வைப்பதை நிறுத்திவிட்டோம். தொலைபேசியில் மூன்று இடத்து விலை கேட்ட பிறகுதான் இப்போது கிழங்கைத் தோண்டுகிறோம்.

டிக்கோயாவிலிருந்து

நாளிதழ்கள் சொன்ன அந்த வீட்டிலிருந்தே வேலையை உண்மையாகவே லயத்திலிருந்து செய்பவள் நான் என்பதால் எழுதுகிறேன். உயர்தரம் முடித்து, கொழும்பில் உள்ள ஒரு நிறுவனத்துக்காகத் தமிழ் பேசும் வாடிக்கையாளர்களின் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் வேலையில் சேர்ந்தேன். பெருந்தொற்று வராதிருந்தால், டிக்கோயாவில் இருக்கும் ஒரு பெண்ணை அவர்கள் ஒருபோதும் எடுத்திருக்க மாட்டார்கள். பிற்பகல் மழை தகரத்தில் விழத் தொடங்கினால் எதிர்முனையில் இருப்பவர், என்ன சத்தம் அது என்று கேட்பார். காம்பராக்களுக்கு இடையிலுள்ள சுவர் கூரைவரை எட்டாததால், நான் பேசும் நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். சம்பளம் வங்கிக்கு வரும். என் பெயரில் சேமலாப நிதியும் கட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் மலைக்குப் போகாமல் பேர் விழும் முதல் ஆள் நான்.

சிக்கல் சென்ற மாதம் வந்தது. அம்மா ஓய்வு பெற்றுவிட்டார், அப்பா இல்லை. நான் தலையில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு ஒருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது தோட்டத்து மேற்பார்வையாளரான கணக்கப்பிள்ளை ஐயா வாசலில் வந்து நின்று, இந்த வீட்டிலிருந்து இனி யார் வேலைக்குப் பேர் கொடுப்பது என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். தோட்டத்தில் வேலைக்கு ஆள் இல்லாத குடும்பத்துக்குக் காம்பரா எதற்கு என்பதுதான் அதன் பொருள் என்று அம்மா சொன்னார். அன்றிரவு அம்மா பழைய படங்கை எடுத்துத் தைத்தார்.

இப்போது வாரத்தில் ஐந்து நாள் அழைப்பும், சனி ஞாயிறுகளில் கைக்காசுக்குக் கொழுந்துமாக இருக்கிறேன். கைக்காசுக்குப் போவது பேர் கொடுத்ததாகுமா என்பது யாருக்கும் தெரியவில்லை. தலவாக்கலை அண்ணா, நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்; தயவுசெய்து சொல்லுங்கள். வரும் திங்கட்கிழமை தோட்ட அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்துக்கு நான் நிறுவனத்திடம் அரை நாள் விடுமுறை கேட்டிருக்கிறேன்.