ஆலமரத்து விழுதுகள் (குடும்பக் குழு)

பிரியா: ரிசப்ஷன்ல நானும் அம்முவும் பாம்பு டான்ஸ் ஆடறோம். கறுப்புப் பாவாடை, நல்லா சுத்துற மாதிரி, யார்கிட்டயாவது இருக்கா? புதன்கிழமைக்குள்ள வேணும்

மல்லிகா அத்தை: கல்யாணத்துல கறுப்பா??

செந்தில்: ரமேஷ் மாமாவ ஆடச் சொல்லு. ஒரு கர்ச்சீப் போதும்

கார்த்தி: 😂😂 வேட்டி தனியா ஆடுச்சே

ரமேஷ் மாமா: டேய். விடவே மாட்டீங்களா

கங்கா சித்தி: வீடியோ எங்கிட்ட இருக்கு

பெரியப்பா: பிரியா சொல்வது ராஜஸ்தானின் கால்பேலியா மக்களின் ஆட்டம். அவர்கள் பாம்பு பிடித்து, மகுடி ஊதிப் பிழைத்த மக்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாம்பை வைத்துப் பிழைக்க வழியில்லை. ஆட்டமும் பாட்டும்தான் இன்று சோறு போடுகிறது. 2010இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்தார்கள். கறுப்புப் பாவாடையில் வெள்ளை ஜரிகையும் கண்ணாடிச் சில்லும் தைத்திருப்பார்கள், சுழன்றால் பாம்பு நெளிவது போலவே இருக்கும். ஹோலிக்கும் ஆடுவார்கள். ஆகவே மல்லிகா, கறுப்பு அபசகுனம் இல்லை. (தொடரும்)

செந்தில்: தொடருமா 🙏

மல்லிகா அத்தை: அண்ணா, உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு நான் கறுப்புக் கரை போட்ட புடவை கட்டினப்ப அண்ணி என்ன சொன்னாங்க?

கங்கா சித்தி: இப்ப எதுக்கு அது

அம்மு: பெரியப்பா, சர்ப்பம் துள்ளல் மாதிரி முடியை விரிச்சுப் போட்டு ஆடினா? யூடியூப்ல பாத்தேன், செம

பெரியப்பா: கூடாது. அது கேரளத்தில் நாகருக்குச் செய்கிற வழிபாடு. வண்ணப் பொடியால் பாம்புக் களம் போட்டு, புள்ளுவர் என்கிற சமூகத்தார் குடமும் வீணையும் வாசித்துப் பாடுவார்கள். விரதமிருந்த பெண்கள் கமுகம்பூக் குலையோடு களத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அருள் வந்ததும் ஆடி, அந்தக் களத்தையே அழித்துவிடுவார்கள். டிஜே போட்டு மேடையில் ஆடுகிற விஷயமா அது?

அம்மு: ஓ சரி வேணாம்

ரமேஷ் மாமா: பாம்புக்கு மகுடி கேக்குமா அத்தான்?

பெரியப்பா: அதற்கு வெளிக்காது கிடையாது. ஊதுகிறவன் மகுடியை ஆட்டுவதைப் பார்த்துத்தான் தலையை ஆட்டும்.

கார்த்தி: மாமாவும் அப்படித்தான். பாட்டு நின்ன பிறகும் ஆடினார்

ரமேஷ் மாமா: 😡

கங்கா சித்தி: பாட்டியை யார் கூட்டிட்டு வர்றது? போன தடவை மாதிரி ஆளாளுக்கு அடுத்தவங்களக் கை காட்டாதீங்க

செந்தில்: கார்த்தி கார்

கார்த்தி: சர்வீஸ்ல இருக்கு

மல்லிகா அத்தை: பிரியா, எங்கிட்ட கருநீலப் பாவாடை இருக்கு. ஜரிகை வச்சது. அண்ணி சரின்னா எடுத்துட்டு வரேன்

பிரியா: பெரியம்மா ஆன்லைன்ல இருக்காங்க. பாத்துட்டாங்க, பதிலைக் காணோம்

செந்தில்: வேன் எத்தனை மணிக்குன்னு யாராவது சொல்லுங்கப்பா