பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?

குன்னூர் சர்வர்:
காலையிலேயே வயிற்றெரிச்சல். "ப்ராக்ஸி அட்ரஸஸில் எஸ்எம்டிபி என்று பெரிய எழுத்தில் போட்டால் என்ன, சின்ன எழுத்தில் போட்டால் என்ன, மெயில் வரும்" என்று கோத்தகிரியில் ஒருவர் புதுப் பையன்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறார். ஐயா, எக்ஸ்சேஞ்ச் என்ற மைக்ரோசாஃப்ட் மெயில் சர்வரில் ஒரு ஆளுக்குப் பத்து முகவரி இருக்கலாம். அந்தப் பட்டியலை வைத்திருக்கும் ஆட்ரிபியூட்தான் ப்ராக்ஸி அட்ரஸஸ். அதில் மெயில் முகவரி ஒவ்வொன்றின் முன்னாலும் எஸ்எம்டிபி என்ற மெயில் நெறிமுறையின் பெயர் ஒட்டியிருக்கும். பெரிய எழுத்து எஸ்எம்டிபி (SMTP) எதற்கு முன்னால் இருக்கிறதோ அதுதான் முதன்மை. அனுப்பும் மெயிலில் அதுதான் போகும். சின்ன எழுத்தெல்லாம் (smtp) வாங்கிக்கொள்ள மட்டும்.

கோத்தகிரி குளிர்:
அந்த 'ஒருவர்' நான்தான். நேராகவே திட்டலாம். மெயில் வரும் என்றேன். வருகிறதா இல்லையா?

குன்னூர் சர்வர்:
வரும். யார் இல்லை என்றது? இங்கே ஒரு தேயிலை ஃபேக்டரி டொமைன் மாற்றியது. புது முகவரியைச் சின்ன எழுத்தில் சேர்த்துவிட்டு, பழையதைப் பெரிய எழுத்திலேயே விட்டுவிட்டார்கள். ஏலச் சரக்கு பார்க்கும் கிளார்க் எழுதியதெல்லாம் பழைய முகவரியிலேயே போனது, புரோக்கர்களும் அதற்கே பதில் போட்டார்கள். பழைய டொமைன் காலாவதியான அன்றோடு பதில் நின்றது. நாலு நாள் கழித்துத்தான் யாருக்கோ உறைத்தது.

கோத்தகிரி குளிர்:
அது டொமைனுக்குப் பணம் கட்டாத தப்பு. மெயில் முகவரியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்ப்பதில்லை என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

குன்னூர் சர்வர்:
அட் குறிக்குப் பின்னால் பார்ப்பதில்லை. முன்னால் இருக்கும் பெயரில் எழுத்து வேறுபாட்டைக் காக்க வேண்டும் என்றுதான் மெயில் அனுப்பும் விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 5321 ஆவணம் சொல்கிறது. அதுவும் இங்கே பேச்சில்லை. நான் சொல்வது முகவரிக்கும் முன்னால் ஒட்டும் நாலு எழுத்து. பெரிய எழுத்து!

மஞ்சூர் மேகம்:
நடுவில் ஒரு சந்தேகம். ஆட்ரிபியூட்டுக்குத் தமிழில் 'பண்பு'தானே?

கூடலூர் மழை:
அது இந்தத் திரியில் யாரிடமும் இல்லை. சரி, முகவரிகளை விதிப்படி அமைக்கும் அட்ரஸ் பாலிசி தானாகப் புதுப்பிக்கும்படி டிக் ஆகியிருந்தால், கையால் மாற்றிய முதன்மை முகவரியை அது திருப்பி மாற்றிவிடுமே, அதை ஏன் யாரும் பேசவில்லை?

குன்னூர் சர்வர்:
அதை அப்புறம் பேசலாம். முதலில் பெரிய எழுத்து.

கோத்தகிரி குளிர்:
பெரிய எழுத்து மகாராஜா, போன வருஷம் ஒரு எஸ்டேட் மேனேஜரின் மெயில்பாக்ஸை அழித்து அதே பெயரில் புதிதாக உருவாக்கியது யார்? ஆபீஸில் பழைய மெயிலுக்கு ரிப்ளை போட்டவர்களுக்கெல்லாம் திரும்பி வந்ததே! ஆபீஸுக்குள் ரிப்ளை தேடிப்போகும் உள் அடையாளமான பழைய லெகசி எக்ஸ்சேஞ்ச் டிஎன்னை, புது மெயில்பாக்ஸில் எக்ஸ்500 வகை முகவரியாகச் சேர்க்கச் சொன்னது யாராம்?

குன்னூர் சர்வர்:
நீங்களா சொன்னீர்கள்? ராத்திரி பதினொரு மணிக்கு, கரண்ட் போய் யுபிஎஸ் கத்திக்கொண்டிருக்கும்போது நானே கண்டுபிடித்தது. உங்கள் மெயில் வந்தது மறுநாள். எக்ஸ்சேஞ்ச் 5.5 தன் டைரக்டரியை, அதாவது ஆட்களின் விவரப் பட்டியலை, தானே வைத்திருந்த காலத்திலிருந்து பார்க்கிறேன். எக்ஸ்சேஞ்ச் 2000 விண்டோஸின் ஆக்டிவ் டைரக்டரிக்கு மாறியபோது நீங்கள் அரை டிராயரில் இருந்திருப்பீர்கள்.

கோத்தகிரி குளிர்:
என் மெயில் வந்ததா இல்லையா? வந்தது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

மஞ்சூர் மேகம்:
இங்கே மூடுபனி, நெட்டும் இல்லாத மாதிரிதான். எந்த எழுத்தில் போட்டாலும் மெயில் வரவில்லை.

குன்னூர் சர்வர்:
நான் கேட்டது போகிற முகவரி. வருகிற முகவரி இல்லை. ஒரே ஆளுக்குப் பெரிய எழுத்தில் இரண்டு போட்டுவிட்டு, எக்ஸ்சேஞ்ச் எச்சரிக்கை காட்டினாலும் ஒன்றும் ஆகாது என்பீர்கள். இருங்கள், ஸ்கிரீன்ஷாட் போடுகிறேன்.

கோத்தகிரி குளிர்:
போடுங்கள். வந்த மெயிலையும் சேர்த்தே போடுங்கள்.